செடித்தொட்டிக்குத் தொங்கும் லைட்: குளச்சலில் இருந்து என் அனுபவம்

"அண்ணா, செடித்தொட்டிக்கு, அதாவது நீர்ச்செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு, லைட்டைத் தொங்கப் போடட்டுமா, தொட்டி விளிம்பில் கால் வைத்து நிற்கும் மாடலே போதுமா?" என்று தக்கலையில் இருக்கும் நண்பர் கேட்டார். என் லைட்டைத் தொங்கவிடும் நாலு கம்பியில் இரண்டை மாற்றிய கையோடு பதில் எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

லைட்டில் எந்தக் குறையும் இல்லை. நிறம், வெளிச்சம், சூடு எல்லாம் சரி. பிரச்சினை முழுக்க, கம்பியைக் கவ்விப் பிடிக்கும் அந்தக் குட்டிப் பித்தளைப் பிடியில்தான். உள்ளே ஒரு ஸ்பிரிங், பொடிப்பொடிக் குண்டுகள். முனையை அழுத்தினால் கம்பி நழுவும், விரலை எடுத்தால் இறுகும். புதிதில் விளையாட்டு போல ஏற்றி இறக்கலாம். ஆனால் எங்கள் வீடு கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் சன்னல் கம்பியே செதில் செதிலாக உதிரும். நிக்கல் பூச்சுக்கு அடியில் பச்சைக் களிம்பு கிளம்பி, ஸ்பிரிங்கில் துரு ஏறி, பிடி அப்படியே உறைந்துவிடுகிறது. நாலும் சேர்ந்து உறைந்தாலாவது பரவாயில்லை. மூன்று ஏறும், ஒன்று நகராது. லைட் சரிந்து, தாழ்ந்த மூலையில் இருக்கிற அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் இலை முழுக்கப் பச்சைப் புள்ளிப் பாசி. நகத்தால் சுரண்டினாலும் முழுசாகப் போகாது. அது மெதுவாக வளரும் செடி, ஓர் இலை கெட்டால் அடுத்த இலைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? உயரத்தை மாற்ற முடிவது அவ்வளவு பெரிய வசதி. தொட்டி புதிதாக இருக்கும்போது செடி வேர் பிடித்திருக்காது, பாசிக்குத்தான் கொண்டாட்டம். அப்போது லைட்டை நீர்மட்டத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வைத்தேன். செடி துளிர்க்கத் துளிர்க்க இரண்டு, மூன்று செ.மீ. இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஓரிரு வாரம் பொறுத்தேன். ஒரேயடியாக மாற்றினால் கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியின் இலையெல்லாம் கரைந்துபோகும். இறக்க இறக்க ரொட்டாலா மக்ராண்ட்ரா என்ற செடியின் நுனி சிவந்ததே, அதைப் பார்க்க வேண்டும்! மக்ராண்ட்ரா நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி, அது நம் வீட்டில் செந்நிறம் காட்டும்போது வருகிற சந்தோஷம் தனி. ஆனால் இறக்கும்போது தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடும் அதற்குத் தகுந்தபடி வேண்டும், இல்லாவிட்டால் பாசி முந்திக்கொள்ளும்.

டிம்மர் இருக்கும்போது உயரம் எதற்கு என்பார்கள். டிம்மர் வெளிச்சத்தைக் குறைக்கும், பரப்பாது. லைட்டுக்கு நேர் கீழே இருக்கும் செடி நுனி பளபளக்கும், மூலைகள் இருட்டாகவே கிடக்கும். உயர்த்தினால்தான் மூலைவரை சீராக விழும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்ற பள்ளிக்கூடக் கணக்கு புள்ளி போன்ற விளக்குக்கு. மூன்றடி எல்இடி பட்டைக்கு அவ்வளவு குறையாது. ஒரே தொந்தரவு, ரொம்ப உயர்த்தினால் நாற்காலியில் இருப்பவர் கண்ணில் வந்து குத்தும்.

கம்பி மாற்றும்போது படகுச் சாமான் விற்கும் கடையில் 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி கேட்டு வாங்கினேன். சாதாரண 304 ரகத்தை விட உப்புக் காற்றைத் தாங்கும், அதில் மாலிப்டினம் கலந்திருக்கிறது. பழைய பிடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பியைச் சின்ன 316 கிளாம்புகளில் முறுக்கிவிட்டேன். உயரம் மாற்ற இப்போது ஸ்பானர் வேண்டும். ஆனால் நாலு மூலையும் ஒரே மட்டம்.

இவ்வளவு விலை வாங்குகிற கம்பெனி, கடலோரத்திலும் ஆள் வாங்குவான் என்று யோசித்திருக்க வேண்டாமா? அந்த ஆத்திரத்தில் சொல்கிறேன்: வாங்காதீங்க தம்பி, கால் வைத்த மாடலே போதும். என்னுடையதை மட்டும் நான் கழற்றப் போவதில்லை.