ஹாப்கின்ஸா, லிவிங்ஸ்டனா?

மத்திய அமெரிக்காவில், ஆப்பிரிக்கரும் கரீபியப் பழங்குடியினரும் கலந்த வம்சத்தினரான கரிஃபுனா மக்களின் கடலோர ஊருக்கு நண்பரோடு போக நினைத்தால், பெலீஸின் ஹாப்கின்ஸ் சுலபம். சாலை உண்டு, பேருந்து உண்டு, ஆங்கிலமே போதும். குவாத்தமாலாவின் லிவிங்ஸ்டனுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. புவேர்த்தோ பாரியோஸிலிருந்தோ ரியோ துல்சே ஆற்று வழியாகவோ படகில்தான் போக வேண்டும். காடு மூடிய பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும் அந்த ஆற்றுவழிக்காகவே சிலர் லிவிங்ஸ்டனைத் தேர்ந்தெடுப்பார்கள், தப்பே இல்லை. ஆனால் இருவரில் ஒருவருக்காவது ஸ்பானிஷ் தெரிந்தால் நல்லது.

சாப்பாடு? லிவிங்ஸ்டனில் தபாதோ: மீன், நண்டு, இறால் எல்லாம் ஒரே தேங்காய்ப்பால் சூப்பில். ஹாப்கின்ஸில் ஹுதுத்: இடித்த வாழைக்காயும் தேங்காய்ப்பால் மீன் குழம்பும். எனக்கு ஹுதுத்தான்.

கரிஃபுனா மக்களின் ஆண்டு விழா பார்க்கவென்றால் பெலீஸில் நவம்பர் 19, குவாத்தமாலாவில் நவம்பர் 26. நண்பருக்கு மேளம் கற்கும் ஆசை இருந்தால், யோசிக்கவே வேண்டாம், ஹாப்கின்ஸ்தான். சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறது.