ஏற்காடு: ஏறுவதா, இறங்குவதா, தொடைக்கு எது கடினம்?

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்து ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும் சுருங்கி உடலை மேலே தூக்க ஆக்சிஜன் நிறைய வேண்டும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை.

இறங்கும்போது அவ்வளவாக மூச்சு வாங்காது. ஆனால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மடங்க, அதே முன்தசை இறுகியபடியே நீள்கிறது. உடல் சரிந்துவிடாமல் பிரேக் போடுவது அதுதான். பழக்கமில்லாத கால்களில் தசை இழைகளுக்குள் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ அடுத்த நாளோ, டவுன் பஸ்ஸில் படி இறங்கும்போது தொடை கெஞ்சும். தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்பார்கள், அது தவறு. ஓய்வெடுத்தால் ஓரிரு மணி நேரத்தில் அந்த அமிலம் குறைந்துவிடும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் நடந்து ஏறிவிட்டு, இறங்க பஸ் பிடிப்பதே நல்லது என்பேன்.