தாய் வாத்தா, மகள் வாத்தா? குளோஸ்டர்ஷயர் தோட்டத்திலிருந்து ஒரு வசந்தக் கணக்கு

ஊரில் வாத்து வளர்க்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற பெயர் காக்கி கேம்பல். முட்டைக்கு அதுதான் என்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அது பிறந்த ஊர் நான் இப்போது குடியிருக்கும் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரிலேயே இருக்கிறது என்பது இங்கே வந்து மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. யூலி என்ற அந்தக் கிராமத்தில் அடேல் கேம்பல் என்ற பெண்மணி இந்தியன் ரன்னர் என்ற இனத்துப் பெட்டை வாத்து ஒன்று வைத்திருந்தார். 196 நாளில் 182 முட்டை போட்ட பெட்டை. அதை ரூவான் என்ற பெரிய உடம்புக்கார இனத்து ஆணோடு சேர்த்து, காட்டு வாத்தின் ரத்தத்தையும் கலந்து அவர் உண்டாக்கியதுதான் கேம்பல். 1898-ல் அது வெளியே வந்தது. மேலும் கலந்து பார்த்ததில் 1901-ல் காக்கி நிறம் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போன பிரிட்டிஷ் சிப்பாய்களின் உடுப்பு நிறம், அதனால் அந்தப் பெயர்.

ஆக, இந்தியன் ரன்னர் தாய், காக்கி கேம்பல் மகள். தாயின் பெயரில் இந்தியா இருக்கிறதே தவிர, அது ஜாவா, பாலி, லொம்போக் தீவுகளிலிருந்து கப்பலேறி பிரிட்டனுக்கு வந்தது. மகளோ இங்கே பிறந்து நம் ஊர்ப் பண்ணைகளில் குடியேறிவிட்டது. என் தோட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. கால் ஏக்கர் களிமண், சரிவு நிலம், நான்கு ஆப்பிள் மரம், ஆறு காய்கறிப் பாத்தி. மார்ச்சிலிருந்து மே வரை இந்த நிலத்துக்கு எது சரி என்பதுதான் கேள்வி. குளிர்காலத்தில் எல்லா வாத்தும் ஒன்றுதான், தின்னும், நிற்கும், தூங்கும். வசந்தத்தில்தான் குணம் தெரியும்.

முட்டையில் போட்டியே இல்லை. நல்ல வம்சத்துக் கேம்பல் வருடத்துக்கு 300 வரை போடும். ரன்னர் 150, 200 போட்டால் பெரிது. பிப்ரவரிக் கடைசியில் பகல் நீள ஆரம்பித்ததும் என் மூன்று கேம்பல்களும் நாள் தவறாமல் போடும். ரன்னர்கள் நினைத்தால் போடும், இல்லாவிட்டால் இல்லை. ஆனால் ரன்னர் முட்டை பலதும் வெளிர்பச்சை. கழுவி வரிசையாக வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆம்லெட்டுக்கு மிளகைத் தட்டிப் போட்ட பிறகு எது எந்த முட்டை என்று யாருக்குத் தெரியப் போகிறது, அது வேறு. இரண்டுக்கும் பொதுவான ஒன்று: விடிகாலையில்தான் போடும். எட்டரை ஒன்பது வரை கொட்டிலைத் திறக்கக் கூடாது. ஏழு மணிக்கே திறந்துவிட்டால் புதரடியில், தண்ணீர்த் தொட்டியில், நடைபாதை நடுவில் என்று போட்டுவிட்டுப் போகும். மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொள்ளும். கேம்பல் இதில் ரொம்ப அலட்சியம். நடந்துகொண்டே போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இரண்டும் அடைக்கு உட்காருவதில் மோசம். குஞ்சு பொரிக்க ஆசை என்றால் 28 நாளைக்கு இன்குபேட்டரோ பக்கத்து வீட்டு அடைக்கோழியோ வேண்டும்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். நான் வாத்து வாங்கியதற்குக் காரணமே ஓடில்லா நத்தை. ஏப்ரல் மழையில் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பாத்தியில் முப்பது நாற்பது இருக்கும். முன்பெல்லாம் மெட்டால்டிஹைடு என்ற நீல நத்தை மருந்தைத் தூவுவார்கள். முள்ளெலிக்கும் பறவைக்கும் ஆகாது என்று 2022 வசந்தத்திலிருந்து அதை வெளியில் பயன்படுத்தத் தடை.

ரன்னர் நத்தை வேட்டைக்கென்றே பிறந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கில் இவற்றை வரிசையாக ஓட்டி நத்தை பொறுக்க விடுகிறார்கள். என் வீட்டில் நான்குதான். நிமிர்ந்து நின்று, கழுத்தை நீட்டி, ஒரே கூட்டமாகப் பாத்தி ஓரத்தில் நகரும். நத்தை பதுங்கும் பலகையை நான் புரட்டுவேன் என்று தெரிந்து வைத்திருக்கின்றன, புரட்டுவதற்குள் கால் மேல் ஏறி நிற்கும். பெரிய நத்தை கிடைத்தால் உடனே விழுங்காது. வாயில் கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடி, முக்கி, உதறி, மறுபடி முக்கி, வழவழப்புப் போன பிறகுதான் உள்ளே தள்ளும். மற்ற மூன்றும் பிடுங்கப் பின்னாலேயே ஓடும். போன வருடம் வந்திருந்த அம்மா சன்னலோரம் நின்று பார்த்துவிட்டு, "ஏண்டா, எல்லாம் பஸ்ஸ விட்டுட்ட மாதிரி ஓடுது?" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு பஸ் வாத்து என்றே பெயர்.

கேம்பலும் நத்தை தின்னும். ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்யாது. ஈரமான இடம் கண்டால் அலகை விட்டுத் துளையிட ஆரம்பித்துவிடும். ஒரு கேம்பல் அரைமணி நேரம் நின்ற இடத்தில் நடவுக்கு உழுத மாதிரி உளை ஆகிவிடுகிறது. ரன்னரின் எடை ஒன்றரை, இரண்டு கிலோ. கேம்பல் அதைவிட அரைக்கிலோ கூட. களிமண்ணில் அந்த அரைக்கிலோ தெரிகிறது.

ரன்னரை அதற்காகச் சாது என்று நினைக்க வேண்டாம். லெட்டூஸ் நாற்று எந்த வாத்துக்கும் நத்தையைவிட ருசி. பட்டாணிக் கொழுந்தும் அப்படியே. மே கடைசி வரை பாத்திகளைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வலை கட்டிவிடுகிறேன். இரண்டுமே பறக்காத இனம் என்பதால் அது போதும். விதைப்புக்கு முன்னால் மார்ச்சில் மூன்று வாரம் பாத்திக்குள்ளேயே விட்டுவிடுவது நல்லது, நத்தை முட்டை வரைக்கும் கிளறித் தின்றுவிடும். இன்னொரு நஷ்டமும் உண்டு. தோட்டத்துக் குட்டையில் மார்ச்சில் தவளை முட்டையிடும். வாத்து போனால் ஒன்றும் மிஞ்சாது. நத்தை தின்கிற தவளையை இழந்து நத்தை தின்கிற வாத்தை வைத்துக்கொள்வது என்ன புத்திசாலித்தனம்? குட்டைக்குத் தனி வேலி போட்டுவிட்டேன்.

அப்படியானால் தண்ணீர்? அலகும் கண்ணும் மூக்குத் துளையும் முழுக நனைகிற ஆழம் கட்டாயம். ரன்னர் ஒரு பெரிய தொட்டியோடு திருப்திப்பட்டுவிடும். கேம்பலுக்கு நீந்த ஆசை அதிகம். குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் குளம் ஒன்று வைத்திருக்கிறேன், இரண்டு நாளில் பச்சைக் குழம்பு. அதைக் கவிழ்த்து ஆப்பிள் மரத்தடியில் விடுவேன். உரக்கடைக்குப் போகிற செலவு மிச்சம்.

நரி விஷயத்தில் மகளுக்கே என் ஓட்டு. வசந்தத்தில் குட்டி போட்ட நரி பட்டப்பகலிலும் வரும். கேம்பல் ஆளுக்கொரு பக்கம் சிதறினாலும் நிதானம் இழக்காது, சாயங்காலம் தீவன டப்பாவைத் தட்டினால் கொட்டிலுக்கு வந்துவிடும். ரன்னர் பதறும். ஒன்று மிரண்டால் நான்கும் மிரண்டு, மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். கால் மெலிசு, பிசகிவிடும். ஆனால் கூட்டம் பிரியாது என்பதே வசதியும்கூட. இரண்டு கையிலும் இரண்டு மூங்கில் கழி பிடித்து நடந்தால் நான் நினைத்த பக்கம் போகும். நாய்கள் மந்தை ஓட்டிக் காட்டும் நிகழ்ச்சிகளில் ஆட்டுக்குப் பதில் ரன்னரை விடுவது அதனால்தான். அறுவடை முடிந்த வயலில் ஒற்றைக் கழியோடு நூறு வாத்து ஓட்டிப்போகிறவரைப் பார்த்தவன் நான். நாலு வாத்துக்கு இரண்டு கழி என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எந்த இனமானாலும் ராத்திரிக்குக் கோழிவலை நம்பாதீர்கள், நரி பல்லாலேயே கிழித்துவிடும். வெல்டு மெஷ் என்கிற, பற்றவைத்த கெட்டிக் கம்பி வலைதான்.

வேறு இனங்களும் பார்த்தேன். கால் டக் என்கிற குட்டி வாத்து, அரைக்கிலோவுக்குச் சற்று மேலே, பொம்மை மாதிரி இருக்கும். ஹாலந்தில் காட்டு வாத்துகளைக் கூப்பிட்டு மாட்டிவிட வைத்திருந்த இனம். தொழிலே கத்துவது. நன்றாகப் பறக்கவும் செய்யும். பக்கத்து வீட்டாரோடு நல்லுறவு வேண்டும் என்றால் வேண்டாம். வெள்ளை வெளேர் என்ற அய்ல்ஸ்பரி நான்கைந்து கிலோ வரும். என் சரிவில் அது ஏறுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். தவிர அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலும் பெக்கின் என்ற இன்னொரு வெள்ளை இனத்தின் கலப்பு. அசலுக்கு அலகு இளஞ்சிவப்பு, ஆரஞ்சு அல்ல.

இங்கே வளர்ப்பவர்களுக்கு மட்டும் இரண்டு சட்டம். 2024 அக்டோபர் 1-லிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு வாத்து வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும், பறவைக் காய்ச்சல் காரணம். சமையலறைக்குள் போய் வந்த எதையும் அதற்குப் போடக் கூடாது. பாத்தியிலிருந்து நேரே பறித்த கீரை போடலாம், சமையலறை மேடையில் வைத்து எடுத்த கீரை ஆகாது. மீந்த இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

சரி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? முட்டை தின்கிற ஆட்கள் நிறைய, புல்தரை கெட்டாலும் பரவாயில்லை என்ற வீடு என்றால் கேம்பல். காய்கறித் தோட்டம்தான் உயிர் என்றால் ரன்னர். நான் ரன்னர் கட்சி. என் மனைவி கேம்பல் கட்சி. கேக் செய்கிறவர் அவர் என்பதால் அந்த மூன்றும் இங்கேயே இருக்கும்.

எதுவானாலும் பெட்டை மட்டும் வாங்குங்கள். முட்டைக்கு ஆண் தேவையில்லை. முதல் தடவை நான்கும் பெட்டை என்று சொல்லி விற்றவரை நம்பி குஞ்சாக வாங்கினேன். பல்ப் வெளிச்சத்தில் மூன்று வாரம், தீவனத்தில் நியாசின் என்ற விட்டமினுக்காகப் புரூயர்ஸ் ஈஸ்ட் என்கிற ஈஸ்ட் பொடியைக் கலந்து கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். இரண்டு மாதத்தில் இரண்டு மட்டும் குவாக் என்று கத்தின. மற்ற இரண்டும் சளி பிடித்த மாதிரி கரகரத்தன. பெட்டைதான் உரக்கக் கத்தும், ஆண் கரகரக்கும் என்பது அப்போது தெரியாது. வாலில் சுருள் இறகு முளைத்ததும் தெரிந்தது. அடுத்த மார்ச்சில் இரண்டு ஆணும் இரண்டு பெட்டையையும் விரட்டி விரட்டி மிதித்ததில் பிடரி இறகு போய் ரத்தம் வந்துவிட்டது. ஓர் ஆணுக்கு ஐந்து பெட்டையாவது வேண்டும். இரண்டையும் கொடுத்துவிட்டேன். இப்போது ஐந்து மாதம் வளர்ந்த, என் எதிரிலேயே குவாக் என்று கத்திக் காட்டிய வாத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறேன்.