‘சீட் ஃபண்ட் வாங்கித் தருகிறோம்’ என்று போன் வந்தால்

சென்னையில் ஸ்டார்ட்அப் நடத்துகிறவர்களும் நடத்தப்போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் அட்வான்ஸ் கொடுங்கள். தி. நகர் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கன்சல்டன்சி எங்களிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு, எங்களுக்குக் கிடைக்கவே வழியில்லாத சீட் ஃபண்டுக்கு, அதாவது புதுக் கம்பெனிகளுக்கு அரசு தரும் தொடக்க நிதிக்கு, விண்ணப்பம் போட்டது. அதையாவது போனால் போகிறது என்று விடலாம். அவர்கள் தாக்கல் செய்யாமல் விட்ட ஒரு படிவத்துக்கு இப்போது அபராதம் கட்டப்போவது நாங்கள்.

பெயர் போடவில்லை. போட்டால் வேறு பெயரில் பலகை மாட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். ஆளைவிட அவர்கள் செய்யும் முறையைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

மீன், ஐஸ்கிரீம் ஏற்றிப்போகும் வண்டிகளுக்குள் குளிர் குறைந்தால் உரிமையாளரின் போனுக்குத் தகவல் அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை அம்பத்தூரில் செய்கிறோம். நானும் கல்லூரி நண்பனும் சேர்ந்து 2022 தொடக்கத்தில் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்தோம். 2024 செப்டம்பரில் அந்த போன் வந்தது. “சார், சென்ட்ரல் கவர்மென்ட் சீட் ஃபண்ட். இருபது லட்சம், திருப்பிக் கட்ட வேண்டாம். இன்குபேட்டர்ல நம்ம ஆளு இருக்காரு.”

இப்படி ஒரு திட்டம் அப்போது உண்மையிலேயே இருந்தது. ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட், 2021-ல் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வந்தது. முன்மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் வரை மானியம். சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை, ஆனால் அது கடனாகவோ பின்னால் பங்காக மாறும் பத்திரமாகவோதான். பணம் இன்குபேட்டர்கள் வழியாக, அதாவது ஸ்டார்ட்அப்களை வளர்த்துவிடும் மையங்கள் வழியாக வரும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இதையெல்லாம் சரியாகத்தான் சொன்னார்கள், கட்டணம் கிடையாது என்பதைத் தவிர. சொல்லாமல் விட்டது இன்னொன்று: விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி 2 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. எங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. அவர்கள் முதலில் கேட்டு வாங்கிய காகிதமே பதிவுச் சான்றிதழ். தேதி அதிலேயே இருக்கிறது. பார்த்துக்கொண்டேதான் பில் போட்டார்கள்.

அந்த பில்லையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை (டிபிஐஐடி) தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கு 15,000. அரசு போர்ட்டலில் அது இலவசம். ‘ஏஞ்சல் டாக்ஸ் விலக்கு’ வாங்கித் தர 30,000. பங்கின் நியாய விலைக்கு மேல் வரும் முதலீட்டுக்குப் போட்ட வரி அது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அந்த வரியையே எடுத்துவிடுவதாக அறிவித்தாயிற்று, இல்லாத வரிக்கு விலக்கு! பங்குதாரர் ஒப்பந்தம் தயாரிக்க 40,000. வந்து சேர்ந்தது யாருக்கோ எழுதிய அமெரிக்க ஒப்பந்தம். தகராறு வந்தால் டெலவேர் மாநிலச் சட்டப்படி தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். அம்பத்தூர்க் கம்பெனிக்கு டெலவேர்! பெயரை மாற்றியவர் அந்த வரியை மாற்ற மறந்துவிட்டார் போல. பிராஜக்ட் ரிப்போர்ட்டில் ஆடிட்டர் முத்திரை இருந்தது, யுடிஐஎன் இல்லை. ஆடிட்டர் கையெழுத்திடும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் 18 இலக்கத்தில் அந்த எண் இருக்க வேண்டும், பட்டயக் கணக்காளர் கழகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுச் சரிபார்க்கலாம்.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். திருச்சியில் இருக்கும் என் மாமா 6 லட்சம் போட்டு எங்கள் கம்பெனியில் பங்கு வாங்கினார். அந்த வேலையையும் இவர்களிடமே கொடுத்திருந்தோம். “கரன்ட் அக்கவுன்ட்லயே போடச் சொல்லுங்க சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார்கள். பொன்னிற ஓரம் போட்ட ஷேர் சர்டிஃபிகேட்டும் அச்சடித்துத் தந்தார்கள். மாமா அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

கம்பெனிச் சட்டம் 42-வது பிரிவு சொல்வது வேறு. இப்படி வரும் பணத்துக்கு வங்கியில் தனிக் கணக்கு வேண்டும். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாளுக்குள், அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பாஸ்-3 என்ற படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அது தாக்கலாகும்வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. எங்கள் விஷயத்தில் தனிக் கணக்கும் இல்லை, பாஸ்-3-ம் இல்லை. அந்தப் படிவத்தைத் தாமதித்தால் நாளுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 25 லட்சம் வரை. கம்பெனிக்கும் டைரக்டர்களுக்கும்தான் அபராதம். கன்சல்டன்ட் என்று ஒருவர் இருப்பதே சட்டத்துக்குத் தெரியாது.

கோயம்புத்தூர் முதலீட்டாளர் ஒருவர் எங்கள் கணக்குகளைச் சரிபார்க்க ஆள் அனுப்பியபோதுதான் இது வெளியே வந்தது. அவர் விலகிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கன்சல்டன்சியிடம் கேட்கப் போனால், ‘முயற்சிக்கு மட்டுமே பொறுப்பு, முடிவுக்கு அல்ல’ என்ற வரியைக் காட்டினார்கள். அதைவிட மோசம், எங்கள் இருவரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் (ஆன்லைன் படிவங்களில் கையெழுத்துப் போடப் பயன்படும் பென்டிரைவ் மாதிரியான கருவி) அவர்கள் மேஜை டிராயரில் இருந்தது. அதைத் தர ‘குளோசிங் சார்ஜ்’ 25,000 கேட்டார்கள். கொடுக்கவில்லை. சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்கு எழுதிப் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொண்டோம், செலவு சில ஆயிரம்தான். உங்கள் டோக்கன் இப்போது யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அரசு போர்ட்டல்களில் பதிவான மெயிலும் மொபைல் எண்ணும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். எங்களுடையதில் அவர்கள் அலுவலகப் பெண்ணின் எண் இருந்தது, ஓடிபி எல்லாம் அங்கேதான் போயிருக்கிறது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பலர் சொன்னார்கள். கம்பெனி தன் வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் அங்கே நிற்பது கஷ்டம் என்று எங்கள் வக்கீல் சொல்லிவிட்டார். ஏமாற்றுக்கான போலீஸ் புகார் தனி வழி. முன்பு 420 என்று சொன்னது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. வக்கீல் நோட்டீஸ் போனதும் பாதிப் பணம் தருவதாக இறங்கி வந்தார்கள், எங்கும் எழுதமாட்டோம், பேசமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டால். போடவில்லை.

இந்த வேலைகளுக்கு ஆளே வேண்டாம் என்று சொல்லவில்லை. பங்கு ஒதுக்கீட்டுக்கு, கம்பெனிச் சட்ட வேலைகளைப் படித்துத் தேர்ந்த ஒரு கம்பெனி செகரட்டரியை வைத்துக்கொள்வது நல்லது. அவர் உறுப்பினரா என்று கம்பெனி செகரட்டரிகளின் கழகமான ஐசிஎஸ்ஐ தளத்திலேயே பார்த்துவிடலாம். வேலை முடிந்ததும் ரசீது எண்ணோடு சலானைக் கேளுங்கள், தராதவருக்கு அடுத்த தவணை தராதீர்கள். தமிழ்நாடு அரசு ஸ்டார்ட்அப்களுக்குத் தரும் டான்சீட் மாதிரி மானியத்துக்கு, அந்த அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். எந்த இன்குபேட்டரிலும் ‘நம்ம ஆளு’ தேவையில்லை.

இப்போது எங்களுக்கு வேலை பார்க்கும் செகரட்டரி அம்மா, தவறை நாமே ஒப்புக்கொண்டு பதிவாளரிடம் மனு போடுவதுதான் நல்லது என்று சொல்லிப் போட வைத்திருக்கிறார். பதிவாளர் அலுவலகம் இருக்கும் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனிலிருந்து உத்தரவு இன்னும் வரவில்லை. வந்ததும் எவ்வளவு கட்டினோம் என்பதை இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.