பீரோவில் அடுக்கிய டிஸ்குகளுக்கு விடை: சினாலஜி டிஎஸ்223

காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு கல்யாணம் முடிந்தால் படமும் வீடியோவுமாக 200 ஜிபி சேரும். எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஏற்றி, மார்க்கரால் பெயர் எழுதி, பீரோவில் அடுக்குவதுதான் வழக்கம். போன ஆவணியில் ஒரு டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டுப் படுத்துவிட்டது. அப்புறம்தான் இந்த இரண்டு டிரைவ் நாஸ் பெட்டியை, அதாவது நெட்வொர்க்கில் மாட்டி எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் சேமிக்கும் பெட்டியை, வாங்கினேன்.

பெட்டி காலியாகத்தான் வரும், டிரைவ் நம் செலவு. நாஸுக்கான 4 டிபி டிரைவ் இரண்டு கேட்டேன். கடைக்காரர் ஒன்றை மட்டும் சரியாகக் கொடுத்துவிட்டு, இன்னொன்றுக்கு எஸ்எம்ஆர் வகையைத் தள்ளிவிட்டார். அதில் பதிவுத் தடங்கள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு ஓட்டை மாற்றப் போனால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்கியாக வேண்டும். நாஸில் போட்டால், ஒரு டிரைவ் பழுதாகி, பதிலுக்குப் போட்டதில் எல்லாவற்றையும் திரும்ப எழுதும்போது உயிரை வாங்கிவிடும். மாற்றிக் கொடுக்க மூன்று நாள் இழுத்தடித்தார்.

பொறுமையில்லாமல், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிரைவை நாஸில் செருகப் போனேன். ஸ்டுடியோ பையன் கையைப் பிடித்தான். "அண்ணே, தேவகோட்டை முகூர்த்தம் இதுலதான்ணே இருக்கு!" பெட்டியை இயக்கும் மென்பொருளான டிஎஸ்எம்மை நிறுவும்போது டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். எச்சரிக்கை வரும், டிக் போட்டால்தான் மேலே போகும். நான் படிக்காமலே டிக் போடுகிற ஆசாமி.

டிரைவ் வந்தபின் வேலை சுலபம். 3.5 அங்குல டிரைவுக்கு ஸ்க்ரூடிரைவரே வேண்டாம், தட்டின் பக்கப்பட்டையை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். லேன் கேபிளை ரவுட்டரில் மாட்டி, பவர் போட்டு, பீப் சத்தம் வந்ததும் பிரவுசரில் பைண்ட் டாட் சினாலஜி டாட் காம் என்று அடித்தால் பெட்டியை அதுவே கண்டுபிடிக்கும். டிஎஸ்எம் ஏறி ரீஸ்டார்ட் ஆக ஒரு டீ குடிக்கும் நேரம்.

நிதானிக்க வேண்டிய இடம், டிரைவ்களை அமைக்கும் ஸ்டோரேஜ் மேனேஜர். சினாலஜியின் எஸ்ஹெச்ஆர் முறையைத் தேர்ந்தேன்; இரண்டு டிரைவிலும் ஒரே நகல், ஒன்று போனாலும் மற்றது காக்கும். ஃபைல் சிஸ்டத்துக்கு பிடிஆர்எஃப்எஸ், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து ஃபைல்களின் நிலையைப் பதிந்து வைப்பது) எடுக்கலாம் என்பதால். இரண்டு 4 டிபி போட்டும் 3.6 டிபிதான் காட்டுகிறதே என்று பதற வேண்டாம். பாதி நகலுக்குப் போகிறது. மிச்சம், கம்பெனிக்காரர் ஆயிரத்தில் எண்ணுவதும் பெட்டி 1024-இல் எண்ணுவதும்தான். டிரைவ்களைச் சரிபார்க்கும் பின்னணிச் சோதனை ராத்திரி முழுக்க ஓடியது, வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

ரவுட்டரில் பெட்டிக்கு நிலையான ஐபி (மாறாத நெட்வொர்க் முகவரி) ஒதுக்கிவிடுங்கள். யுபிஎஸ்ஸை யுஎஸ்பியில் இணைத்து கன்ட்ரோல் பேனலில் ஆன் செய்யவும் மறக்காதீர்கள். ஊரில் கரண்ட் போகும் லட்சணத்துக்கு இது இல்லாமல் நாஸ் வாங்காதீர்கள். மெயினை நானே அணைத்துப் பார்த்தேன், பெட்டி ஒழுங்காகத் தன்னை மூடிக்கொண்டது.

லேன் போர்ட் ஒன்றுதான், 1 ஜிகாபிட். பெரிய வீடியோவை நேரே அதிலிருந்து எடிட் செய்கிறவர்கள் வேறு மாடல் பார்க்கலாம். நான் கம்ப்யூட்டரில் எடிட் செய்து இதில் சேமிக்கிறேன், எனக்குப் போதும்.

பீரோ டிஸ்குகளைப் பையன் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஏற்றியதையும் பீரோவிலேயே திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தவறிப்போய் அழித்தால் இரண்டு டிரைவிலும் சேர்ந்தேதான் அழியும்.