"7 டிஜிட்டல் இணைப்பு" என்ற வார்த்தையை நம்பி ரிசீவர் வாங்காதீர்கள்: என் எட்டு மாதச் சேமிப்பு போய்விட்டது

நேற்று இரவு பதினொரு மணிக்கு ரிசீவரை விற்றவர்களிடமிருந்து கடைசிப் பதில் வந்தது. "பெட்டி திறக்கப்பட்டுவிட்டதால் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது." அவ்வளவுதான். எட்டு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். தூக்கம் வரவில்லை. ஹோம் தியேட்டர் ரிசீவர் (பல கருவிகளின் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) வாங்க நினைக்கும் யாராவது இதைப் படித்துவிட்டுத் தப்பித்தால் போதும் என்று எழுதுகிறேன்.

வாங்கியது ஓர் ஆன்லைன் விற்பனைத் தளத்தில், அங்கே கடை போட்டிருக்கும் ஓர் எலக்ட்ரானிக்ஸ் விற்பனையாளரிடம். என் தேவை எனக்குத் தெளிவாகவே தெரியும். செட்டாப் பாக்ஸ், ப்ளூரே பிளேயர், தம்பியின் கேம் கன்சோல், டிவி, அப்புறம் அப்பாவின் பழைய சிடி பிளேயர். இந்த ஐந்தின் ஒலியும் ஒரே ரிசீவருக்குள் போக வேண்டும். "7 டிஜிட்டல் இணைப்புகள், புத்தம்புதிது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. எந்தக் கருவியில் எந்தத் துளை இருக்கிறது என்று வரிசையாக எழுதி அனுப்பி, எல்லாவற்றையும் மாட்ட முடியுமா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "தாராளமா போடலாம் சார். அஞ்சு போட்டதுக்கு அப்புறமும் ரெண்டு மிச்சம் இருக்கும். எங்க வீட்டிலயே இதைத்தான் வெச்சிருக்கேன்." பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "படம் இப்ப கையில இல்ல சார், என்னை நம்பி வாங்குங்க" என்றார். தன் வீட்டிலேயே வைத்திருப்பதாகச் சொல்கிற மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். அன்றிரவே பணம் கட்டினேன்.

பெட்டி வந்ததும் ரிசீவரைத் திருப்பி வைத்து எண்ணினேன். எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு) உள்ளீடு 3. எச்டிஎம்ஐ வெளியீடு 1. ஒலிக்கு மட்டுமான டிஜிட்டல் துளைகளில் ஆப்டிகல் 1, கோஆக்சியல் 1. ஆறுதான் வந்தது. ஏழாவது எது என்று தேடினால், முன்பக்கம் பென் டிரைவ் செருகும் யுஎஸ்பி! டிவிக்குப் படம் அனுப்பும் வெளியீட்டையும், பாட்டுக் கோப்பு மட்டும் வாசிக்கும் யுஎஸ்பியையும் சேர்த்துத்தான் 7 என்று விற்றிருக்கிறார்கள். சரி, எப்படியோ உள்ளீடு ஐந்து இருக்கிறது, நமக்கு ஐந்துதானே வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மாட்ட ஆரம்பித்தேன்.

ப்ளூரேயை எச்டிஎம்ஐயில் மாட்டினேன். டிவியில் படம் வந்தது. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. செட்டாப் பாக்ஸுக்கும் அதே கதி, கன்சோலுக்கும் அதே கதி. கையேட்டைப் புரட்டியபோதுதான் புரிந்தது. இந்த ரிசீவரின் எச்டிஎம்ஐ வெறும் பாஸ்த்ரூ. வருவதை அப்படியே டிவிக்குத் தள்ளிவிடும், அதிலிருந்து ஒலியைப் பிரித்து எடுக்காது. ஒவ்வொரு கருவிக்கும் ஒலிக்கென்று தனியாக டிஜிட்டல் கேபிள் போட வேண்டுமாம். அதற்கு இருப்பதோ ஓர் ஆப்டிகல், ஒரு கோஆக்சியல். கருவி ஐந்து, துளை இரண்டு. தம்பியின் கன்சோலில் ஆப்டிகல் துளையே கிடையாது.

எல்லாவற்றையும் டிவியில் மாட்டிவிட்டு, டிவியிலிருந்து ஒரே ஆப்டிகல் கேபிளை ரிசீவருக்கு இழுத்தும் பார்த்தேன். எச்டிஎம்ஐயில் வரும் ஒலியை எங்கள் டிவி ஆப்டிகலில் ஸ்டீரியோவாக மட்டுமே அனுப்புகிறது. பல டிவிகள் இப்படித்தான். 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பாஸ் ஸ்பீக்கருக்கான ஒலி) அனுப்பும் டிவியாக இருந்தாலும், ஆப்டிகலில் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும்தான் போகும். ப்ளூரேயில் இருக்கும், தரம் குறையாத ஒலி வடிவங்களான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ எதுவும் அதில் போகாது. அதைக் கேட்கத்தானே எட்டு மாதம் பணம் சேர்த்தேன்!

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட வருடம் 2008. டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஏஆர்சி வசதி 2009-இல், எச்டிஎம்ஐ 1.4-உடன்தான் வந்தது. அதற்கும் முந்தைய சரக்கைப் புத்தம்புதிது என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

பெட்டி வந்த அன்றே புகார் அனுப்பினேன். "செட்டிங்ஸ் மாத்திப் பாருங்க சார்." மாற்றினேன். இரண்டு நாள் கழித்து, "கேபிள்ல பிரச்சினை இருக்கும்." புது கேபிள் வாங்கினேன், அதுவும் என் காசுதான். அப்புறம் மூன்று நாள் பதிலே இல்லை. கையேட்டில் பாஸ்த்ரூ பற்றிச் சொல்லும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு, "இதை வாங்கும் முன் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்." பெட்டிக்குள் இருக்கும் கையேட்டை வாங்கும் முன் எப்படிப் பார்ப்பது? பத்து நாள் திருப்பி அனுப்பும் கெடு இந்த இழுத்தடிப்பிலேயே முடிந்துபோனது. தளத்தின் உதவி எண்ணை அழைத்தால் "விற்பனையாளரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். விற்பனையாளரோ தளத்திடம் பேசச் சொல்கிறார். எட்டு மாதச் சேமிப்புக்கு யாரும் பொறுப்பில்லை.

கோஆக்சியலில் மாட்டிய அப்பாவின் சிடி பிளேயர் மட்டும் ஒழுங்காகப் பாடுகிறது. "என் பிளேயரைக் கழட்டிட்டு அந்தத் துளையில வேற எதையாவது மாட்டுப்பா" என்கிறார் அவர். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகமானது.

ரிசீவர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் மறக்காதீர்கள். பின்பக்கப் படத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். "இன்" என்று எழுதியதை மட்டும் எண்ணுங்கள், "அவுட்"டையும் யுஎஸ்பியையும் விட்டுவிடுங்கள். எச்டிஎம்ஐயில் வரும் ஒலி ஸ்பீக்கருக்கு வருமா என்று நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாஸ்த்ரூ என்ற சொல்லைப் பார்த்தால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நகராதீர்கள். மாடல் எண்ணைத் தேடி, எந்த வருடத்தியது என்று பாருங்கள். பழுதென்று தெரிந்த அன்றே, அவர்கள் சொல்லும் செட்டிங்ஸ் கதையைக் கேட்டுக் காத்திருக்காமல், திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்திவிடுங்கள். நான் அதைச் செய்யாமல் கெடு முடியும்வரை காத்திருந்தேன்.