டெக்சாஸ் கேப்பிட்டல் பார்க்க டிக்கெட் வாங்காதீர்கள்

டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டின் வழியாகக் காரில் போகிறவர்களுக்கு: கேப்பிட்டல் எனப்படும் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் போக டிக்கெட்டே கிடையாது. நுழைவு இலவசம், சுற்றிக் காட்டுவதும் இலவசம். இது தெரியாத ஆட்களைக் குறிவைத்து ஒரு கூட்டம் இணையத்தில் கடை விரித்திருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவோடு போன எங்களிடம் தலைக்கு 29 டாலர் கறந்துவிட்டார்கள். பார்க்கிங்குக்குத் தனியாக 15. பன்னிரண்டாம் தெருவும் சான் ஹசின்டோவும் சந்திக்கிற இடத்தில் பார்வையாளர்களுக்கென்றே இருக்கும் பார்க்கிங்கில் முதல் 2 மணி நேரத்துக்குக் காசே இல்லை என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

அந்தத் தளம் அசல் அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும். குவிமாடத்தின் படம், மாநில முத்திரை, கொட்டை எழுத்தில் 'வரிசையில் நிற்க வேண்டாம்'. சுத்தப் பொய். வாசலில் சோதனையைத் தாண்டித்தான் உள்ளே விடுவார்கள், இவர்கள் டிக்கெட்டைக் காட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அங்கே தனி வழி. டெக்சாஸ் அல்லவா!

அந்தத் தளத்தின் சார்பில் கழுத்தில் அட்டையோடு வந்த வழிகாட்டி, கட்டடத்தின் கல் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது என்று அளந்தார். அது அதே மாநிலத்தில், மார்பிள் ஃபால்ஸ் பக்கம் வெட்டியெடுத்த இளஞ்சிவப்பு கிரானைட். அப்புறம் உள்ளே ஒரு கூட்டத்தோடு எங்களைச் சேர்த்துவிட்டு, "மீதியை இவங்க சொல்லுவாங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லி நழுவிவிட்டார்.

"ஏண்டா, அந்த ஆளு எங்க போனான்?" என்றார் அப்பா.

நாங்கள் சேர்ந்தது கேப்பிட்டல் ஊழியர்களே நடத்தும் இலவசச் சுற்று. அருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கையில் காசில்லாத மாநிலம் 30 லட்சம் ஏக்கர் நிலத்தை ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்து இதைக் கட்டிக்கொண்டதாம். 1888இல் முடிந்த கட்டடம், வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தைவிட உயரம். குவிமாடத்துக்கு நேர் கீழே நடுவிலிருக்கும் நட்சத்திரத்தில் நின்று பேசினால் நம் குரலே நம்மிடம் திரும்பிவருகிறது. கதவுக் கீலில்கூட 'டெக்சாஸ் கேப்பிட்டல்' என்று பொறித்திருந்தார்கள். "எவர்சில்வர் குடத்துல பேர் வெட்டுற மாதிரியில்ல இருக்கு" என்று அம்மா விரலால் தடவிப் பார்த்தார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, 'சேவை வழங்கப்பட்டுவிட்டது' என்று ஒரே வரியில் பதில். பார்க்கிங் பற்றிக் கேட்டதற்கு அதுவும் இல்லை. கார்டு வங்கியில் புகார் செய்து, நுழைவு இலவசம் என்று சொல்லும் அரசுப் பக்கத்தை இணைத்தபிறகுதான் விஷயம் நகர்ந்தது. டிக்கெட் பணம் வந்தது, பார்க்கிங் பணம் போனது போனதுதான். டெக்சாஸ் அரசின் தள முகவரி 'டெக்சாஸ் டாட் கவ்' என்று முடியும். இவர்களுடையது 'டாட் காம்'.

இப்போது அதே ஆட்கள் அதே வார்த்தைகளோடு கலிஃபோர்னியா தலைநகர் சாக்ரமென்டோவுக்கும் கொலராடோ தலைநகர் டென்வருக்கும் டிக்கெட் விற்கிறார்கள். அந்த இரண்டு கேப்பிட்டல்களையும் இலவசமாகவே சுற்றிப் பார்க்கலாம்.